பின்னின்று காத்த பெருமகன் – பொபி மூர்

உதைபந்தாட்டத்திலே புகழ் என்பது பெரும்பாலும் கோலை நோக்கி ஓடுவோர் பக்கமே சாய்கின்றது. கோல் அடித்தவன் பெயரைச் சிறு பிள்ளைகளும் சொல்வர். அடிக்கவிடாது தடுத்தவன் பெயரை மைதானத்து வாயிலைக் கடக்குமுன்னரே மறந்துவிடுவர். மாலை வேளைகளில் மாணவர் தமக்குள் அணி பிரிக்கும்போது பின்வரிசைக்கு அனுப்பப்படுபவனுடைய முகம் வாடுவதை நாம் பலகாலும் கண்டிருக்கின்றோம். அங்ஙனம் வாடும் முகங்களை எண்ணியே இம்மலருக்குப் பொருள் தேடினோம். பின்வரிசையிலேயே தம் ஆட்டவாழ்வு முழுவதையும் கழித்து, தம் நாட்டுக்காக ஆடிய 108 ஆட்டங்களில் இரண்டே இரண்டு கோல்களை அடித்து, ஆயினும் அந்நாட்டு உதைபந்தாட்டக்காரருள் தலைசிறந்தோர் வரிசையில் வைத்து எண்ணப்படும் ஒருவருடைய சரிதம் இருக்க, வேறொன்றை நாடுவானேன்? இங்கிலாந்து அணித்தலைவராய் விளங்கிய பொபி மூரே அவர்.

றொபேட் பிறெடெரிக் செல்சி மூர் என்பது அவரது முழுப்பெயர். செல்சி என்ற பெயரைச் சுமந்தவர் அப்பெயருடைய கழகத்துக்கு ஒருநாளும் ஆடியதில்லை என்பது ஒரு வேடிக்கை. இலண்டன் மாநகரின் கிழக்கே எசெக்ஸ் பகுதியைச் சேர்ந்த பார்க்கிங் என்னும் ஊரில் 1941ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 12ஆந் திகதி அவர் பிறந்தார். இரண்டாம் உலகப் போரிலே ஜேர்மனிய விமானங்கள் இலண்டன்மீது குண்டு பொழிந்துகொண்டிருந்த காலம் அது. பெற்றோர்க்கு அவர் ஒரே பிள்ளை. தந்தையாரின் பெயரும் றொபேட் என்பதே, தாயார் டொறிஸ். மகன் ஆட்டத்துக்குப் போகுமுன் அவனுடைய சப்பாத்துக் கயிறுகளையுங் கழுவி, அவற்றுக்கும் இஸ்திரி போட்டுக் கொடுத்தவர் அவ்வம்மையார் என்பர். அந்த வளர்ப்பின் சுவடு மகனிடத்தே கடைசிவரை இருந்தது. உலகப் புகழ் பெற்ற பின்னரும், ஆட்டத்துக்கு ஆயத்தமாகும் அறையிலே தம் காற்சட்டையை எல்லாருக்கும் பின்னராகவே அவர் அணிவார். இருந்தெழும்பினால் அது கசங்கிவிடுமல்லவா! ஆடவர் பலர் இதைக் கேட்டு நகைக்கக்கூடும். அவர் ஆட்டமும் இதே மாதிரிக் கசங்காத ஆட்டமாகவே இருந்தது என்பதை மேலே காண்போம்.

பாடசாலைப் பருவத்திலே அவர் பருத்த உடலினர். ஓட்டத்தில் வேகமில்லை. உயர எழும்பித் தலையாற் பந்தை அடிப்பதிலும் சிறப்பில்லை. பின்வரிசையில் நிற்பவனுக்கு இவ்விரண்டும் இல்லையெனில் வேறு என்ன இருந்து பயன் என்று கேட்கத் தோன்றும். துடுப்பாட்டத்தில் அவருக்கு நல்ல கை. எசெக்ஸ் இளைஞர் அணிக்கும் ஆடியவர். 1956இல் கிழக்கு இலண்டனைச் சேர்ந்த வெஸ்ற் ஹாம் கழகம் அவரைத் தன் இளைஞர் குழாத்தில் ஏற்றபோது, அவரினும் இயற்கைத் திறன் மிக்க பையன்கள் அங்கே வேறு பலர் இருந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் பெயரை இன்று யாரும் அறியார். குறைகளை அறிந்த மூரோ அவற்றை ஈடுசெய்யும் வழியைத் தேடினார். அவ்வழியைக் காட்ட ஓர் ஆசான் வாய்த்தார்.

மல்கம் அலிசன் என்பவர் அக்காலை வெஸ்ற் ஹாம் கழகத்தின் நடுப் பின்வரிசை ஆட்டக்காரர். ஆட்டத்தைப் பற்றி ஓயாது சிந்திப்பவர். பிறரையுஞ் சிந்திக்க வைப்பவர். கழகத்தின் மைதானமாகிய அப்ரன் பார்க்கின் அண்மையிலிருந்த ஒரு தேநீர்க் கடையிலே பயிற்சி முடிந்தபின் அவரும் தோழர்களுங் கூடுவர். மேசைமீதிருந்த உப்புச் சிமிழையும் மிளகுச் சிமிழையும் ஆட்டக்காரராக்கி, இங்கே இவன் நின்றால் அங்கே அவன் எங்கே நிற்பான் என்று மணிக்கணக்காய் வாதிடுவர். வாரத்தில் சில மாலைகளில் அலிசன் இளையோர்க்குப் பயிற்சியும் அளித்தார். பருத்த உடலும் மந்த நடையுமுடைய இப்பையனிடத்தே கேட்கும் செவியும் நிறுத்திவைக்கும் நெஞ்சும் இருத்தலைக் கண்டவர் அவரே. பந்து வந்தபின் என்ன செய்வதென்று எண்ணாதே. பந்து வருமுன்னரே, இப்போது அது என் காலில் இருந்தால் யாருக்குக் கொடுப்பேன் என்று உன்னையே கேட்டுக்கொண்டிரு என்பது அவர் போதனையின் சாரம். அதனை மூர் தம் வாழ்நாள் முழுதும் மறந்திலர்.

ஆசிரியத் தொழில் புரியும் எம்மனோர்க்கு அடுத்து நிகழ்ந்தது நெஞ்சைத் தொடுவதாகும். 1957இல் அலிசனைக் காசநோய் பற்றியது. நுரையீரலின் ஒரு பகுதியை வைத்தியர்கள் அகற்றினர். ஒருவாறு தேறி மீண்டும் ஆடும் ஆவலோடு அவர் வந்தார். கழகம் அப்போதுதான் முதற்பிரிவுக்கு உயர்ந்திருந்தது. முதற்பிரிவில் ஓர் ஆட்டமேனும் ஆடவேண்டும் என்பது அவர் கனவு. 1958 செத்தெம்பர் 8ஆந் திகதி மன்செஸ்ரர் யுனைற்றெட் அணியோடு ஆட்டம். பின்வரிசையில் ஓர் இடம் வெறுமையாயிற்று. அதற்கு இருவர்: ஒருவர் அலிசன், மற்றவர் பதினேழு வயது மாணாக்கர் மூர். முகாமையாளர் முடிவெடுக்க மாட்டாது, அணியின் மூத்தவரும் அலிசனுடைய நண்பருமாகிய நோயல் கன்ற்வெல்லை வினவ, அவர் இளையவரையே சுட்டினார். மூர் 6ஆம் இலக்கச் சட்டை அணிந்து ஆடினார்; வெஸ்ற் ஹாம் 3–2 என வென்றது. அலிசன் அக்கழகத்தின் முதலணிக்கு அதன்பின் ஒரு முறைதானும் ஆடவில்லை. குருவின் இடத்தைச் சீடன் கொள்வது உலக வழக்கம். குருவின் கண்முன்னே, அவர் ஏங்கியிருந்த அந்நாளிலேயே கொள்ள நேர்ந்தது இளைஞர் மூருடைய மகிழ்ச்சியில் ஒரு கசப்பைக் கலந்தது. அலிசனோ பிற்காலத்திற் புகழ்வாய்ந்த பயிற்றுநர் ஆனார்.

1961இல் றொன் கிறீன்வூட் கழகத்தின் முகாமையாளராக வந்தார். நடுவரிசையில் ஆடிவந்த மூரைப் பின்வரிசையின் நடுவுக்கு இழுத்து, உயரப் பந்துகளைத் தலையால் அடிக்கும் வேலையைக் கென் பிறவுண் என்பாரிடம் விட்டு, மூரைச் சற்றே விலகி நின்று ஆட்டத்தைப் படிக்குமாறு அவர் வகுத்தார். மூருடைய கலை மலர்ந்தது இவ்விடத்திலேதான்.

வள்ளுவப் பெருந்தகை காலமறிதல், இடனறிதல் என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அவை அரசர்க்கும் போருக்கும் கூறியன. ஆயினும், மூருடைய ஆட்டத்தைத் தமிழாசிரியர் ஒருவர் விளக்கப் புகுந்தால் அவ்விரு சொற்களின்றி விளக்க இயலாது. எதிரணியான் பந்தைக் கொடுக்க எண்ணும்போதே அது சேரவிருக்கும் இடத்தை அவர் உய்த்துணர்ந்து, இரண்டடி முன்னோ பின்னோ நகர்ந்து நிற்பார். அவசரம் இராது. பாய்ந்து விழுதல் இராது. பின்வரிசையில் நிற்பவன் நிலத்தில் விழுந்தால் அவன் ஆட்டத்துக்கு வெளியே போய்விடுகின்றான் என்பது அவர் கொள்கை போலும். கால்மேல் நின்றபடியே எதிரியைத் தாமதிக்கச் செய்து, அவன் பந்தைத் தன் காலினின்றும் ஒரு சாண் தள்ளும் கணத்தில் அதைக் கவர்வார். கவர்ந்த பந்தைக் கண்டபடி வெளியே உதைத்துவிடாது, நிமிர்ந்து பார்த்து, முன்னே நிற்கும் தம்மவன் காலடிக்கு அனுப்புவார். வேகமுள்ளவன் ஓடிச் சேரவேண்டிய இடத்தில் வேகமில்லாதவர் முன்னரே நின்றார். வேறென்ன வேண்டும்? அவ்வாட்டங்கள் நடந்த காலத்தில் நாம் பிறந்தோமல்லோம், படச்சுருளிலேயே கண்டோம். ஒருமுறை பார்ப்பவர்க்கு அவர் ஒன்றுஞ் செய்யாதவர்போலத் தோன்றுவார். பந்தைப் பாராது அவரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாற்றான் அவர் செய்வது விளங்கும்.

1962 மே 20ஆந் திகதி பேரு நாட்டின் லீமா நகரில் இங்கிலாந்துக்காக முதன்முறை ஆடினார். உடனே சிலி நாட்டு உலகக் கிண்ணப் போட்டியிலும் இடம்பெற்றார். மறு ஆண்டு மே மாதத்தில், செக்கோசிலோவாக்கிய நாட்டிற்கெதிரே, இருபத்திரண்டு வயதிலே அணித்தலைவரானார். அதற்குமுன் அத்துணை இளையவர் எவரும் இங்கிலாந்துக்குத் தலைமை தாங்கியதில்லை.

தலைவர் என்றதும் அவர் குற்றமற்ற முனிவர் என்று மாணவர் எண்ணவேண்டா. 1964இல் போர்த்துக்கல் நாட்டுக்குப் புறப்படுமுன் ஓரிரவு மூரும் வேறு அறுவரும் கட்டுப்பாட்டை மீறி வெளியே சென்று காலந்தாழ்த்தி விடுதிக்கு வந்தனர். வந்து பார்த்தால் எழுவருடைய கடவுச்சீட்டுகளும் அவரவர் படுக்கைமீது வைக்கப்பட்டிருந்தன. முகாமையாளர் அல்ப் றாம்சி வாய் திறந்து ஒன்றும் ஏசவில்லை. வேண்டுமானால் உங்களை விட்டுச் செல்வேன் என்பதை இவ்வாறு உணர்த்தினார். பிரம்பினும் கூரிய தண்டனை இது.

அவ்வாண்டிலேயே வெஸ்ற் ஹாம் கழகம் மூர் தலைமையிற் பிறெஸ்ரன் அணியை 3–2 என வென்று ஆங்கிலச் சங்கக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. பத்திரிகை எழுத்தாளர் அவரை ஆண்டின் சிறந்த உதைபந்தாட்டக்காரராகத் தெரிந்தனர். அதே ஆண்டு நவம்பரில் ஓர் இடி விழுந்தது. தொடைமூலத்தில் ஆட்டத்தால் வந்த நோவு என்று எண்ணியது புற்றுநோய் எனத் தெரிந்தது. விதைகளில் ஒன்றை அறுவைமூலம் அகற்றினர். இருபத்துமூன்று வயது, மனைவியார் முதற் பிள்ளையைக் கருவிற் சுமந்திருந்தார். புற்றுநோய் என்ற சொல்லையே மக்கள் தாழ்ந்த குரலிற் சொல்லிய காலம் அது. காயம் என்றே வெளியார்க்குக் கூறப்பட்டது. சில திங்களிலே அவர் மைதானத்துக்கு மீண்டார். 1965 மே 19ஆந் திகதி வெம்பிளி மைதானத்திலே மேற்கு ஜேர்மனியின் மியூனிக் 1860 அணியை 2–0 என வென்று ஐரோப்பியக் கிண்ணமொன்றைத் தம் கைகளில் உயர்த்தினார். அந்தக் கைகளுக்குப் பின்னாலிருந்த இரகசியத்தை மக்கள் அறிந்தது நெடுங்காலத்தின் பின்னரே. வள்ளுவர் இடுக்கணழியாமை என்று தனியே ஓர் அதிகாரம் செய்தது இத்தகையோரை நினைந்துதான் போலும்.

தொழின்முறை ஆட்டக்காரரின் நிலையை இவ்விடத்துச் சிறிது கூறவேண்டும். இங்கிலாந்திலே 1961 வரை எத்துணைப் பெரிய ஆட்டக்காரருக்கும் வாரத்துக்கு இருபது பவுணுக்கு மேற் கொடுக்கலாகாது என்ற விதி இருந்தது. அவ்விதி ஒழிந்தபின்னரும், ஒரு கழகத்தை விட்டு மற்றொன்றுக்குப் போதல் எளிதன்று. மூர் வெஸ்ற் ஹாமை விட்டு ரொட்டென்ஹாம் கழகத்துக்குப் போக விரும்பினார், கிறீன்வூட் விடுவதாயில்லை. இழுபறியிலே 1966 யூன் 30ஆந் திகதியோடு அவருடைய ஒப்பந்தம் காலாவதியாயிற்று. கழகம் ஒன்றோடும் பிணைப்பில்லாதவர் அக்காலத்தில் உலகக் கிண்ணத்தில் ஆடமுடியாதிருந்தது. போட்டியோ இங்கிலாந்திலேயே தொடங்கவிருந்தது. தலைவரோ ஆடத் தகுதியற்றவர்! றாம்சி கிறீன்வூட்டைத் தம் விடுதிக்கு அழைத்து இருவரையும் ஓர் அறையிலே விட, ஒரு மாதத்துக்கு மட்டும் என்று கையொப்பமாயிற்று. உலகப் போட்டிக்குத் தலைமை தாங்கியவர் மாதக் கணக்கிற் பிணைக்கப்பட்டவராய்க் களமிறங்கினார் என்பதை இன்றைய தலைமுறை நம்புமோ, அறியோம்.

அப்போட்டியில் இங்கிலாந்தின் பின்வரிசை ஆறு ஆட்டங்களிலும் மாறவேயில்லை. கோல் காப்பாளர் கோடன் பாங்ஸ். முன்னே ஜோர்ஜ் கோகன், ஜக் சாள்ற்றன், மூர், றே வில்சன். முதல் நான்கு ஆட்டங்களில் இவர்களைக் கடந்து ஒரு கோலும் புகவில்லை. அரையிறுதியிலே போர்த்துக்கல்லின் யூசேபியோ பெனல்ரி உதையால் அடித்ததே முதலாவது.

யூலை 30ஆந் திகதி வெம்பிளியில் இறுதியாட்டம். எதிரணி மேற்கு ஜேர்மனி. கூடியிருந்தோர் தொண்ணூற்றாறாயிரத்துக்கு மேற்பட்டோர். பன்னிரண்டாம் நிமிடத்திலேயே ஜேர்மனியர் முந்தினர். ஆறு நிமிடங் கழித்து மூர் இடறி வீழ்த்தப்பட்டார். வீழ்ந்தவர் நடுவரிடம் முறையிட்டு நிற்கவில்லை. எழுந்தார், பந்தை நிலத்தில் வைத்தார், தலையை நிமிர்த்தி ஒருகணம் நோக்கினார், எதிரணியினர் தத்தம் இடத்துக்குப் போகுமுன்னரே பந்தை உயர அனுப்பினார். ஜெவ் ஹேர்ஸ்ற் தனியே வந்து தலையால் அடித்துக் கோலாக்கினார். இருவரும் வெஸ்ற் ஹாம் கழகத்தினர். அங்கே நூறுமுறை பயின்றதை இங்கே ஒருமுறை செய்தனர். அக்கழகத்து மூன்றாமவராகிய மாட்டின் பீற்றர்ஸ் எழுபத்தெட்டாம் நிமிடத்தில் இரண்டாவது கோலை அடித்தார். வெற்றி கைக்கெட்டிய வேளை, ஆட்டம் முடியச் சில கணங்களே இருக்க, ஜேர்மனியர் சமப்படுத்தினர். மேலதிக நேரத்தில் ஹேர்ஸ்ற் அடித்த பந்து மேற்சட்டத்திற்பட்டுக் கீழே விழுந்தது கோட்டைக் கடந்ததா இல்லையா என்ற வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை; அதை இங்கே எடுத்தால் இக்கட்டுரை முடியாது.

கடைசி நிமிடத்தைப் பற்றியே நாம் கூற விரும்புகின்றோம். இங்கிலாந்து 3–2. ஜேர்மனியர் எல்லாரும் முன்னே வந்து முட்டுகின்றனர். பந்து இங்கிலாந்தின் கோலுக்கு அண்மையில் மூரிடம் வருகின்றது. ஜக் சாள்ற்றன் அதைப் பார்வையாளர் நடுவே உதைத்துத் தள்ளுமாறு கூவுகின்றார். அந்நிலையில் நம்மில் யாராயினும் அதைத்தான் செய்திருப்போம். மூரோ பந்தை அடக்கி, தோழன் ஒருவனோடு கொடுத்து வாங்கி, நிமிர்ந்து பார்த்தார். அலிசன் பதின்ம வயதில் ஊட்டிய கேள்வி, யாருக்குக் கொடுப்பேன் என்பது, அப்போதும் அவருள் ஒலித்திருக்கவேண்டும். நெடுந்தூரம் முன்னே ஹேர்ஸ்ற் நின்றார். பந்து அளந்து விட்டாற்போல அவர்முன் சென்று வீழ்ந்தது. நான்காவது கோல், 4–2.

கிண்ணத்தைப் பெற அரச மேடைக்கு முப்பத்தொன்பது படிகள். ஏறுகையில் மகாராணியார் வெண்கையுறை அணிந்திருத்தலை மூர் கண்டார். தம் கைகளோ சேறும் வியர்வையும். காற்சட்டையிலே துடைத்தார்; போதாதென்று மேடையின் முகப்பில் விரித்திருந்த துணியிலும் துடைத்தார்; அதன் பின்னரே கை நீட்டினார். உலகத்தை வென்ற கணத்திலும் கையுறை அழுக்காகுமே என்று எண்ணியது, டொறிஸ் அம்மையார் இஸ்திரி போட்ட சப்பாத்துக் கயிற்றின் தொடர்ச்சியே.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1970 மே மாதம், மெக்சிக்கோ நாட்டு உலகக் கிண்ணத்துக்கு ஆயத்தமாக இங்கிலாந்து அணி கொலம்பியாவின் பொகோட்டா நகருக்குச் சென்றது. விடுதியிலிருந்த நகைக்கடை ஒன்றில் மூரும் பொபி சாள்ற்றனும் சற்றுநேரம் நின்றனர். பின்னர் அக்கடையினின்றும் மரகதம் பதித்த கைவளையமொன்று காணாமற்போயிற்று என்று மூர்மீது குற்றஞ்சாட்டப்பட்டது. அணி ஈக்குவடோர் சென்று அவ்வழியே திரும்பியபோது அவரைத் தடுத்துவைத்தனர். தோழர்கள் விமானமேறித் தலைவரின்றியே மெக்சிக்கோ சேர்ந்தனர். நான்கு நாட்கள் அந்நாட்டு உதைபந்தாட்ட அதிகாரி ஒருவருடைய இல்லத்திலே காவலில் இருந்தார். உலகப் போட்டி தொடங்கச் சில நாட்களே இருக்க, அயல்நாட்டிலே திருடன் என்ற பெயரோடு தனித்திருப்பவனுடைய நெஞ்சம் என்ன பாடுபடும்! அவரோ காவலரோடு வெளியே சென்று உடற்பயிற்சி செய்தார். சிறுவர்களோடு பந்து விளையாடினார். குற்றத்துக்கு ஆதாரம் போதாமையால் விடுவிக்கப்பட்டார். மெக்சிக்கோ விமான நிலையத்தில் வந்திறங்கியபோதும் உடை கசங்கவில்லை, முகமுங் கசங்கவில்லை.

சில நாட்களிலே, யூன் 7ஆந் திகதி, குவாடலகாரா நகரின் நண்பகல் வெயிலில் அவர் ஆடிய ஆட்டமே அவர் ஆட்டங்களுள் உயர்ந்தது என்பார் பலர். எதிரே பிறேசில், பெலே, ஜயர்சினோ, ரொஸ்ராவோ, ரிவெலினோ என உலகம் கண்டறியாத முன்வரிசை. ஒரு கட்டத்தில் ஜயர்சினோ பந்தோடு முழுவேகத்தில் வர, மூர் பின்னே பின்னே நடந்து அவரைத் தாமதித்து, பெனல்ரி எல்லைக்குள் வந்ததும் வலக்காலை நீட்டிப் பந்தை மட்டும் எடுத்தார். எடுத்ததும் எழுந்து நிமிர்ந்து பந்தைக் கொண்டு நடந்தார். அச்சிறு நிகழ்ச்சியைப் பின்வரிசையில் ஆடும் மாணவர் ஒவ்வொருவரும் படச்சுருளில் ஒருமுறை காணுதல் நன்று. ஆட்டத்தை இங்கிலாந்து 1–0 என இழந்தது. ஜயர்சினோவே அந்தக் கோலை அடித்தவர். முடிவில் பெலேயும் மூரும் மேனிச்சட்டைகளைக் கழற்றி மாற்றிக்கொண்டு நகைமுகத்தோடு நின்ற ஒளிப்படம் உலகெங்கும் பரவியது. தோற்றவர் யார், வென்றவர் யார் என்று அப்படத்திலே கண்டுபிடித்தல் அரிது. ஒரு வாரத்தின் பின் மேற்கு ஜேர்மனியோடு இரண்டு கோல்கள் முந்தியிருந்தும் 3–2 எனத் தோற்று இங்கிலாந்து வெளியேறியது. அவ்வாண்டு ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர்க்கான தெரிவிலே ஜேர்மனியின் கோல் வேந்தர் கேட் முல்லருக்கு அடுத்ததாக மூர் வந்தார். கோல் அடிப்போர்க்கே வாய்க்கும் அவ்வரிசையில் ஒரு பின்காவலர் இவ்வளவு உயர வந்தது பெரிதே.

இறக்கமும் வந்தது. 1971 சனவரியிலே, சங்கக் கிண்ண ஆட்டத்துக்கு முந்திய இரவு பிளாக்பூல் நகரில் மூரும் தோழர் மூவரும் இரவு விடுதிக்குச் சென்றனர். மறுநாள் அணி 4–0 எனத் தோற்றது. கழகம் தண்டம் விதித்தது. மதுவை அவர் விரும்பினவர் என்பதை மறைத்தல் சரிதம் எழுதுவோர்க்கு அழகன்று. 1973 யூன் 6ஆந் திகதி போலந்தின் கோர்சோவ் நகரில் நிகழ்ந்தது அதனினும் பெரிய துயரம். பின்வரிசையிலே பந்தைக் காலிற் கொண்டு நின்ற மூரிடமிருந்து லூபன்ஸ்கி என்பார் அதைப் பறித்தோடிக் கோலாக்கினார். பதினைந்து ஆண்டுகளாகப் பிறர் காலினின்றும் பந்தைக் கவர்ந்தவர் காலினின்றே பந்து போயிற்று. வேகமின்மையை அறிவால் மூடிவந்தார். அறிவு ஒரு கணம் அயர்ந்ததும் வேகமின்மை வெளிப்பட்டது. 2–0 எனத் தோற்றனர். ஒக்ரோபரில் வெம்பிளியிலே அதே போலந்தோடு ஆடிய ஆட்டத்தில் மூர் ஆடவில்லை. ஓரத்து வாங்கிலிருந்து, 1974 உலகக் கிண்ணத்துக்குத் தம் நாடு தகுதி பெறாது போவதைக் கண்டார். அடுத்த மாதம் இத்தாலியோடு ஆடியதே அவருடைய 108ஆவதும் கடைசியுமான ஆட்டம். அவற்றுள் 90 ஆட்டங்களுக்கு அவர் தலைவர். அவ்விறுதி ஆட்டத்தில் இத்தாலிக்காக ஒரே கோலை அடித்த கபெல்லோ பின்னாளில் இங்கிலாந்து அணிக்கே முகாமையாளராக வந்தமை காலத்தின் விளையாட்டு.

1974 மார்ச்சில் இருபத்தையாயிரம் பவுணுக்கு புல்ஹாம் கழகத்துக்கு மாறினார். மறு ஆண்டே, இரண்டாம் பிரிவைச் சேர்ந்த அக்கழகம் சங்கக் கிண்ண இறுதிக்கு ஏறியது. அங்கே எதிர்ப்பட்டது வெஸ்ற் ஹாம்! பழைய கழகம் 2–0 என வென்றது. 1977இல் ஆங்கில மைதானங்களினின்றும் ஓய்வு பெற்றார். அமெரிக்காவிலுஞ் சிறிது காலம் ஆடினார்.

அதன்பின் நிகழ்ந்ததை எழுதும்போது எம் எழுதுகோல் தயங்குகின்றது. ஆட்டத்தை அவரினும் நன்கு படித்தவர் அந்நாட்டிலே மிகச் சிலர். ஆயினும் ஆங்கில உதைபந்தாட்டச் சங்கமோ பெருங்கழகங்களோ அவ்வறிவை வேண்டிப் பெறவில்லை. ஒக்ஸ்போட் நகரின் சிறுகழகம் ஒன்று, ஹொங்கொங்கில் ஒரு கழகம், பின்னர் 1984 முதல் 1986 வரை சவுத்தென்ட் என்றிவையே அவர்க்கு வாய்த்த பயிற்றுப்பணிகள். தொடங்கிய வணிகங்கள் சில கைகொடுக்கவில்லை. ஒரு பத்திரிகையிற் பணி செய்தார்; 1990 முதல் இலண்டன் வானொலி ஒன்றில் ஆட்டங்களை விமரிசித்தார். ஒரு சமுதாயம் தன் அறிஞரை இவ்வாறு வீணாக்குதல் ஆங்கிலேயர்க்கு மட்டும் உரிய குணம் அன்று. இவற்றைப் பற்றி மூர் வெளியே முறையிட்டார் என்று நாம் அறிந்த எதிலும் இல்லை.

1991 ஏப்ரிலில் குடலிலே புற்றுநோய்க்காக அறுவை செய்யப்பட்டது. இம்முறையும் அவர் ஊரறியச் சொல்லவில்லை. 1993 பெப்ரவரி 14ஆந் திகதியன்றுதான் தமக்குப் புற்றுநோய் என்று வெளியிட்டார். மூன்று நாட்களின் பின், 17ஆந் திகதி இரவு, மெலிந்த உடலோடு வெம்பிளிக்கு வந்து, இங்கிலாந்தும் சன்மறினோவும் ஆடிய ஆட்டத்துக்கு வானொலியில் விமரிசனம் செய்தார். தாம் கிண்ணம் உயர்த்திய அதே மைதானம். ஏழு நாட்கள் கழித்து, 24ஆந் திகதி, ஐம்பத்தொரு வயதிலே காலமானார். 1966ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் ஆடிய பதினொருவரில் முதலிலே மறைந்தவர் அவரே. அவ்வாண்டு யூன் மாதத்தில் வெஸ்ற்மின்ஸ்ரர் பேராலயத்திலே அவர்க்கு நினைவு வழிபாடு நடைபெற்றது. உதைபந்தாட்டக்காரர் ஒருவர்க்கு அங்கே அச்சிறப்பு முன்னர் அளிக்கப்பட்டதில்லை. அவருடைய துணைவியார் ஸ்ரெபனி குடற்புற்றுநோய் ஆராய்ச்சிக்காக அவர் பெயரால் ஒரு நிதியம் நிறுவினார். 2007இல் புதுக்கிக் கட்டிய வெம்பிளி மைதானத்தின் வாயிலில் அவர் சிலை எழுந்தது.

அவர் இறந்தபின் வெஸ்ற் ஹாம் தன் மைதானத்தில் ஆடிய முதலாட்டம் 1993 மார்ச் 6ஆந் திகதி நடந்தது. வாயிற்கதவுகள் முழுவதும் மக்கள் கொண்டுவந்து கட்டிய மலர்களும் கழுத்துத் துணிகளும். கிறீன்வூட்டும் ஹேர்ஸ்றும் பீற்றர்ஸும், மலர்களாலே சட்டை வடிவாய்ச் செய்து 6 என்ற இலக்கம் பொறித்த மாலையொன்றைச் சுமந்து சென்று, மைதானத்தின் நடுவட்டத்தில் வைத்தனர். அன்று அக்கழகத்து அணியில் 6ஆம் இலக்கச் சட்டையை எவரும் அணியவில்லை. 2008இல் அக்கழகம் அவ்விலக்கத்தை எக்காலத்துக்கும் ஒருவருக்கும் வழங்குவதில்லை என்று தீர்மானித்தது.